நூலகத்தில் தேடும் நெறிகள்: ஒரு திறனாய்வு

“இப்பொருளைப் பற்றி இதுவரை எவரும் ஆராய்ந்திலர்” என்னும் தொடர் இக்கால ஆய்வேடுகளின் முன்னுரைகளில் வழக்கமாக இடம்பெறும் தொடராகிவிட்டது. அதனை எழுதுவோர் பொய் கூறுகின்றனர் என்று சொல்வதற்கில்லை. நூலகத்தின் கணினித் தரவுத்தளத்தில் ஒரு சொல்லை இட்டுப் பார்த்தனர், ஒன்றும் வரவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டினர். ஆனால், ‘கிடைக்கவில்லை’ என்பது வேறு, ‘இல்லை’ என்பது வேறு. முன்னது தேடியவனைப் பற்றிய செய்தி; பின்னது தேடப்பட்ட பொருளைப் பற்றிய செய்தி. இவ்விரண்டனையும் ஒன்றாகக் கொள்வதால், முன்பே உழைத்து எழுதிய ஒருவரின் பெயர் வரலாற்றினின்றும் நீங்கிப் போகின்றது. மலேசிய சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்திற்கும் தமிழ்க்கல்வி வரலாற்றிற்கும் இத்தீங்கு பெரிது. நம் நூல்களிற் பல சிறு பதிப்பாக வந்தவை; நம் எழுத்தாளர் பலர் புனைபெயரில் எழுதியவர்; நம் செய்தித்தாள்கள் பல நின்றுபோயின. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றது. இத்தகைய செல்வத்தைத் தேடுபவன் தேடும் நெறியை அறியாதவனாயின், அது இருந்தும் இல்லாததேயாகும்.

ஆதலின், இன்று வழங்கும் தேடல் நெறிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்நெறி எவ்விடத்துப் பயன்படும், எவ்விடத்துத் தவறும் என்று ஆராய்தல் தமிழாசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வேண்டுவதாகும்.

முழுமையும் துல்லியமும்

ஒரு தேடல் நன்றா அன்றா என்று மதிப்பிட இரண்டு அளவைகள் உள்ளன. இருக்கும் நூல்களுள் நமக்கு வேண்டியவை எத்தனை பங்கு அகப்பட்டன என்பது முழுமை. அகப்பட்டவற்றுள் நமக்கு உண்மையில் வேண்டியவை எத்தனை பங்கு என்பது துல்லியம். ஒன்றை மிகுவித்தால் மற்றொன்று குறைவது பெரும்பான்மை. மீன்பிடிப்போன் சிறுகண் வலையை வீசினால் மீனும் வரும், குப்பையும் வரும்; பெருங்கண் வலையை வீசினால் குப்பை வாராது, சிறுமீன் தப்பும்.

இவற்றுள் துல்லியக் குறைவு கண்ணுக்குத் தெரிவது. வேண்டாத நூற்பெயர்கள் திரையில் வந்து நின்று நம்மைச் சலிப்புறச் செய்கின்றன. முழுமைக் குறைவோ கண்ணுக்குத் தெரியாதது. வாராத நூல் தான் வரவில்லை என்று வந்து சொல்வதில்லை. இதுவே பெரிய இடர்.

1985இல் பிளேர், மேரன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்கும். ஒரு பெரிய வழக்கிற்காக ஏறத்தாழ 40,000 ஆவணங்கள், அதாவது 3,50,000 பக்கங்கள், கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. வழக்கறிஞர்கள் தமக்கு வேண்டிய ஆவணங்களுள் நூற்றுக்கு 75 பங்கேனும் வேண்டும் என்றனர். தேடி முடித்தபின் அத்துணையும் கிடைத்துவிட்டன என்றே நம்பினர். அறிஞர்கள் அளந்து பார்த்தபோது கிடைத்தது சராசரி நூற்றுக்கு 20 பங்கே. தேடியவர்கள் சோம்பேறிகளும் அல்லர், அறியாதவர்களும் அல்லர். ஒரு பொருளை எழுதுவோர் எத்தனை வகைச் சொற்களாற் சுட்டுவர் என்பதை அவர்களால் முன்கூட்டி எண்ணிப் பார்க்க முடியவில்லை, அவ்வளவே.

சொல்லா, தலைப்பா?

நூலகத் தரவுத்தளத்துள் நுழைய இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று, நம் மனத்தில் தோன்றும் சொல்லை அப்படியே இட்டுத் தேடுவது. இதனைச் சொல்வழித் தேடல் எனலாம். மற்றொன்று, நூலகர் ஒவ்வொரு நூலையும் படித்துப் பார்த்து அதற்கு வகுத்திட்ட பொருள் தலைப்பைக் கொண்டு தேடுவது. நூலின் தலைப்பில் ‘ஆசிரியர்’ என்றிருப்பினும் ‘உபாத்தியாயர்’ என்றிருப்பினும் நூலகர் இரண்டனையும் ஒரே பொருள் தலைப்பின்கீழ் வைப்பார். ஆகவே, சொல் மாறினும் பொருள் மாறாது நிற்பது இவ்விரண்டாம் வாயிலின் சிறப்பு.

அவ்வாறாயின் பொருள் தலைப்பே போதும் என்பார் உளர். அவர்க்கு மறுப்பாக நிற்பது இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு வானூர்திக் கல்லூரியின் நூலகர் கிளெவர்டன் 1960களில் நடத்திய சோதனை. 1,400 ஆய்வுரைகளைக் கொண்டு பலவகைக் குறிப்புமுறைகளை அவர் ஒப்பிட்டார். அரிதின் முயன்று அமைத்த குறிப்பு மொழிகளைவிட, உரையிலுள்ள எளிய தனிச்சொற்கள் குறைந்த பயன் தரவில்லை என்பது அவர் கண்ட முடிவு. நூலகத் துறையினர் பலர் எதிர்பாராத முடிவு அது.

எனினும், இம்முடிவை நாம் அப்படியே ஏற்றல் தகாது. கிளெவர்டன் எடுத்துக்கொண்டவை ஒரே துறையைச் சேர்ந்த, ஒரே மொழியில் அமைந்த, ஏறத்தாழ ஒரே காலத்து ஆய்வுரைகள். அவற்றுள் சொல் நிலைபெற்றிருந்தது. தமிழிலோ சொல் ஒரு நூற்றாண்டிற்குள் பலவாறு மாறிற்று. ‘பாஷை’ மொழியாயிற்று, ‘வித்தியாசாலை’யும் ‘பாடசாலை’யும் பள்ளியாயின, ‘வசன கவிதை’ ஒருபுறம் நிற்க, ‘புதுக்கவிதை’ எழுந்தது. ‘பள்ளி’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டு தேடுவோன் பிற்காலத்து எழுத்துகளையே மிகுதியும் காண்பான். கண்டு, முற்காலத்தார் கல்வியைப் பற்றி எழுதவில்லை என்றும் கூறத் துணிவான். ஆதலின் தமிழுக்கு இரு வாயில்களும் வேண்டும். சொல்லால் தொடங்குக, கிடைத்த நல்ல நூலொன்றின் பதிவைத் திறந்து, நூலகர் அதற்கு இட்ட தலைப்பு யாதென நோக்குக, பின் அத்தலைப்பைப் பிடித்துச் செல்க. முன்பின் அறியாத பொருளில் புகுவார்க்கு இதனினும் எளிய நெறி இல்லை.

அரங்கநாதன் வகுத்த முகங்கள்

தேடும் பொருளைப் பகுத்துக் காணும் கலையை உலகிற்குக் கற்பித்தவருள் தலைசிறந்தவர் ஒரு தமிழர் என்பது நம் ஆசிரியர் பலர் நினையாத செய்தி. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். படிப்போரின் காலம் வீணாகாமற் காக்க வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. 1933இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்புமுறை, எப்பொருளையும் அதன் முகங்களாகப் பிரித்து, மீண்டும் கோத்துக் காட்டும் முறையாகும். முதன்மைப் பொருள், பண்டம், செயல், இடம், காலம் என அம்முகங்களை அவர் ஐந்தாக வகுத்தார்.

நூல்களை அடுக்குவதற்காக வகுத்த இம்முறை, தேடுவதற்கும் அப்படியே பயன்படுகின்றது. ஓர் ஆசிரியர், ‘மலாயாத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பாடநூல்கள், 1946 முதல் 1957 வரை’ என்னும் பொருளை எடுத்துக்கொண்டார் எனக் கொள்வோம். இதனை முழுத் தொடராகத் தரவுத்தளத்தில் இடுதல் பயனற்றது. பள்ளி, பாடநூல், இடம், காலம் என நான்கு முகங்களாக முதலிற் பிரித்தல் வேண்டும். பின்னர், ஒவ்வொரு முகத்திற்கும் உரிய மாற்றுச் சொற்களைத் திரட்டுதல் வேண்டும்.

பள்ளி என்னும் முகத்திற்குப் பாடசாலை, வித்தியாசாலை, தோட்டப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என்பன தமிழிலுள்ள சொற்கள். ஆங்கில அறிக்கைகளிலோ ‘தமிழ் ஸ்கூல்ஸ்’, ‘இந்தியன் ஸ்கூல்ஸ்’, ‘வெர்னாகுலர் ஸ்கூல்ஸ்’ என மூவகை வழக்கும் உண்டு. மலாய் மொழியில் இன்று ‘செக்கோலா ஜெனிஸ் கெபாங்சாஆன்’ என்பது வழக்கு. 1951இன் பார்ன்ஸ் அறிக்கையையும் 1956இன் ரசாக் அறிக்கையையும் சூழ்ந்தெழுந்த எழுத்துகளைத் தேடுவோன் தமிழ்ச் சொல்லோடு நின்றால் வழக்கின் ஒரு பக்கத்தையே கேட்டவனாவான்.

இடம் என்னும் முகமும் எளிதன்று. மலாயா என்றும் மலேயா என்றும் எழுதினர். 1963இல் மலேசியா பிறந்தது; 1965இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. இந்நாட்டை ‘மலைநாடு’ என்றும் நம்மவர் வழங்கினர். அச்சொல்லை இட்டாலோ சேர நாட்டைப் பற்றிய நூல்களும் உடன் வரும். முழுமை நோக்கி விரிக்கும்போது துல்லியம் குன்றுவதற்கு இதுவே தக்க சான்று. அத்தகைய சொல்லைத் தனியே இடாது, மற்றொரு முகத்தோடு சேர்த்தே இடுதல் வேண்டும்.

காலத்தைச் சொல்லாக இடுதல் கூடாது. தரவுத்தளம் தரும் ஆண்டெல்லைக் கட்டத்தில் இட வேண்டும். 1950ஆம் ஆண்டைப் பற்றிய நூல் 1990இல் வெளிவந்திருத்தல் கூடும். பொருளின் காலமும் பதிப்பின் காலமும் வேறு என்பதை மறப்போர் பலர்.

நான்கு முகங்களையும் ஒருங்கே இட்டுத் தொடங்குவதும் பிழையாகும். நான்கும் பொருந்திய பதிவு அரிதாதலின், திரை வெறுமையாக நிற்கும். முதலில் இன்றியமையாத இரண்டு முகங்களை இடுக. வருவன மிகையாயின் மூன்றாவதைச் சேர்க்க. குறைவாயின் மாற்றுச் சொற்களைப் பெருக்குக.

உம்மையின் மயக்கம்

இச்சொற்களை இணைக்கும் முறை ஆங்கிலக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல் என்பாரிடமிருந்து வந்தது. சிந்தனையின் விதிகளைக் கணிதக் குறிகளால் எழுதிக் காட்டி அவர் 1854இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘இதுவும் அதுவும்’, ‘இது அல்லது அது’, ‘இதுவன்றி’ என்னும் மூன்று இணைப்புகளே தரவுத்தளங்கள் ஏற்பவை. நம் இலக்கணத்தில் எண்ணும்மையையும் எதிர்மறையையும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவை புதியன அல்ல.

ஆயினும், இங்கொரு மயக்கம் உண்டு. ‘மலாயாவையும் சிங்கப்பூரையும் பற்றிய நூல்கள் வேண்டும்’ என்று நாம் பேசும்போது, மலாயாவைப் பற்றியது ஒன்றாயினும் சிங்கப்பூரைப் பற்றியது ஒன்றாயினும் இரண்டும் வேண்டும் என்பதே நம் கருத்து. கணினி அவ்வாறு கொள்வதில்லை. ‘உம்’ எனக் கண்டவுடன், இரண்டு பெயரும் ஒரே பதிவில் உள்ள நூல்களை மட்டும் தந்து ஏனையவற்றைத் தள்ளிவிடும். நாம் ‘உம்’ என்று பேசும் இடங்கள் பலவற்றில் கணினிக்கு ‘அல்லது’ என்றே சொல்ல வேண்டும். ஒரே முகத்தின் மாற்றுச் சொற்களை ‘அல்லது’ என்பதாலும், வேறு வேறு முகங்களை ‘உம்’ என்பதாலும் இணைத்தல் விதி. ‘அன்றி’ என்பதைக் கூடியவரை விலக்குக. ‘இலங்கை அன்றி’ என்று இட்டால், மலாயாவையும் இலங்கையையும் ஒப்பிட்டெழுதிய அரிய நூலும் அதனோடு போய்விடும்.

தமிழுக்கே உரிய இடர்கள்

ஆங்கிலத்திற்கென அமைந்த தேடல் வழிகாட்டிகளைப் படித்து அப்படியே தமிழில் நடப்போர் இடர்ப்படுவர். அவ்வழிகாட்டிகள், சொல்லின் இறுதியை வெட்டி உடுக்குறி இடுக என்று கூறும். தமிழில் எவ்விடத்து வெட்டுவது என்பதைப் புணர்ச்சி விதியே கூறல் வேண்டும். ‘தோட்டம்’ என்று முழுமையாக இட்டால் ‘தோட்டத்தில்’, ‘தோட்டத் தொழிலாளர்’ என்பன வாரா. மகரம் கெட்டு நிற்கும் ‘தோட்ட’ என்னும் அளவில் வெட்டினால் எல்லாம் வரும். ‘நூல்’ என்பதோ ‘நூலகம்’, ‘நூற்றொகை’, ‘நூன்முகம்’ எனத் திரியும். ‘நூ’ என்று வெட்டினால் நூறும் நூற்றாண்டும் வந்து குவியும். ஆகவே இத்தகைய சொற்களைத் திரிபு வடிவங்களோடு தனித்தனியே இட்டு ‘அல்லது’ என இணைத்தலே தக்கது. தமிழ்ப்பள்ளி என ஒரு சொல்லாகவும், தமிழ்ப் பள்ளி எனப் பிரித்தும், ஒற்று விட்டும் எழுதுவர். மூன்றனையும் இட்டுப் பார்த்தல் வேண்டும்.

எழுத்து வடிவமும் இடையூறு செய்யும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருமுன், லை, ளை, னை, ணை என்பனவும் றா, னா, ணா என்பனவும் வேறு வடிவில் அச்சிடப்பட்டன. அவ்வச்சுப் பக்கங்களைப் படமெடுத்து எழுத்துணரியால் எழுத்தாக மாற்றும்போது, அப்பழைய வடிவங்கள் பிழைபடுதல் உண்டு. ‘பாடசாலை’ என்னும் சொல்லின் இறுதியெழுத்து அத்தகையது. பழந்தாள்களில் ‘பாடசா’ என்ற அளவில் நிறுத்தித் தேடினால் தப்பியவை சில அகப்படும். எழுத்துணரியே இயலாத பழந்தாள்களில் நாளைக் கொண்டு தேடுவதே வழி. நிகழ்ச்சி நடந்த நாளை வேறொரு மூலத்தால் அறிந்து, அதன் முன்னும் பின்னுமுள்ள இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தல் வேண்டும். இது காலங்கொள்ளும், ஆயினும் இதனை எந்தச் சொல்வழித் தேடலும் ஈடு செய்யாது.

கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றிக் கணினிக்கு வேறாகும் எழுத்துகளும் உள. ஔவையாரின் முதலெழுத்தைச் சிலர் ‘ஔ’ என்னும் ஓரெழுத்தாகவும், சிலர் ஒகரத்தின் பின் ளகரத்தை இட்டும் தட்டெழுதுவர். படிப்போர்க்கு வேறுபாடு புலப்படாது. கணினிக்கோ இவ்விரண்டும் இரு வேறு சொற்கள்.

மேனாட்டு நூலகங்களின் பட்டியல்களில் தமிழ் நூற்பெயர் உரோமன் எழுத்தில் இருத்தலே வழக்கம். அவை பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் ஒலிப்பு மாற்றத்திற்கு இடமில்லை; தமிழெழுத்து ஒன்றுக்கு உரோமன் எழுத்து ஒன்று. ஆகவே ‘சங்கம்’ என்பதை நாம் வழக்கமாக எழுதுவது போல் ‘எஸ்’ என்னும் எழுத்தில் தொடங்கித் தேடினால் வாராது. ‘சி’ என்னும் எழுத்தில் தொடங்கி, நடுவில் ‘ஜி’ இன்றிக் ‘கே’ இட்டுத் தேடல் வேண்டும். தகரத்திற்கு ‘டி’ மட்டுமே. ‘எச்’ சேர்த்தல் இல்லை. ழகரம் அடிக்கோடிட்ட ‘எல்’ ஆகும். இவ்வொரு விதியை மாணவர்க்குக் கற்பித்தாலே அயல்நாட்டு நூலகங்களிலுள்ள தமிழ் நூல்கள் பல அவர்க்குப் புலனாகும்.

பெயர்களும் அவ்வாறே. மறைமலையடிகள் முதலில் வேதாசலம் என்னும் பெயரால் எழுதினார். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ பின்னர் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. ஒரு பெயரில் மட்டும் தேடுவோன் அவர் வாழ்வில் ஒரு பாதியையே காண்பான். தனிநாயகம் அடிகளின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும் எழுதியுள்ளனர். நல்ல நூலகங்கள் ஒருவரின் பல பெயர்களையும் ஒரு பெயரின்கீழ்த் தொகுத்து வைத்துள்ளன. எனினும், நம் நாட்டுப் புனைபெயர்களுக்கு அத்தொகுப்பு முற்றுப்பெற்றதாக எண்ணிவிடல் ஆகாது.

நூல்வழிச் செல்லும் நூல்

தரவுத்தளத்தைத் தவிர்த்து வேறு வழிகளும் உள. நல்ல நூலொன்றின் துணைநூற் பட்டியலைப் பற்றிப் பின்னோக்கிச் செல்வது ஒன்று. அந்நூலைப் பின்வந்தோர் யார் யார் எடுத்தாண்டனர் என்று முன்னோக்கிச் செல்வது மற்றொன்று. இரண்டாவதற்கென உலகில் பெரிய மேற்கோள் தரவுத்தளங்கள் உள; ஆனால் தமிழ் இதழ்கள் அவற்றுள் மிகக் குறைவாகவே இடம்பெறுகின்றன. ஆகவே தமிழாய்வுக்குப் பின்னோக்கிய வழியே வலிமையுடையது.

அச்சிட்ட நூற்பட்டியல்களைப் பழமையென்று ஒதுக்குதலும் கூடாது. ஜான் மர்டாக் 1865இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியலும், பார்னெட், போப் என்னும் இருவர் 1909இல் பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூல்களுக்கு அமைத்த பட்டியலும் இன்றும் பயன் தருவன. கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்ற 1966ஆம் ஆண்டிலேயே, தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டியைத் தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்டார் என்பதை நாம் மறத்தலாகாது.

நூலகத்தின் அடுக்கையும் நேரிற் சென்று காணல் வேண்டும். டூயி பகுப்புமுறையில் தமிழ்மொழி 494.811, தமிழிலக்கியம் 894.811. அவ்வெண்களின் முன் நின்று நோக்கும் கண்ணுக்கு, எந்தச் சொல்லாலும் தேடத் தோன்றாத நூல் அகப்படுதல் உண்டு.

இக்காலத்தில் கேட்ட கேள்விக்கு வாக்கியமாகவே விடை கூறும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துள்ளன. மாற்றுச் சொற்களைத் திரட்டுவதற்கு அவை உதவும். ஆனால், இல்லாத நூலை இருப்பதாகக் கூறும் இயல்பும் அவற்றிற்கு உண்டு. அவை தரும் ஒவ்வொரு நூற்பெயரையும் நூலகப் பட்டியலில் ஒத்துப் பார்த்தே ஏற்றல் வேண்டும்.

எதற்கு எந்நெறி?

இதுகாறும் கூறியவற்றால், எல்லாத் தேவைக்கும் ஏற்ற நெறி ஒன்று இல்லை என்பது பெறப்படும். நாளை வகுப்பில் ஒரு செய்யுளைக் கற்பிக்க நல்ல உரையொன்று வேண்டும் ஆசிரியர்க்குத் துல்லியமே போதும். நூற்பெயரையோ ஆசிரியர் பெயரையோ நேரே இடுக. புதிய பொருளில் புகுவார், சொல்லால் தொடங்கித் தலைப்பாற் செல்க. ஒருவரின் எழுத்துகளைத் திரட்டுவார், முதலில் அவர் பெயர்களைத் திரட்டுக. ஒரு நிகழ்ச்சியை ஆராய்வார் நாளைப் பற்றுக. ‘எவரும் ஆராய்ந்திலர்’ என்று எழுதத் துணிவார்க்கோ முழுமை வேண்டும். அவர் எல்லா முகங்களையும், எல்லா வடிவங்களையும், எல்லா வாயில்களையும் முயன்று பார்த்திருத்தல் வேண்டும்.

அவ்வாறு முயன்றவரும் தம் தேடலுக்கு ஒரு குறிப்பேடு வைத்தல் நன்று. எந்தத் தரவுத்தளத்தில், எந்நாளில், எச்சொற்களை இட்டு, எத்தனை பதிவுகள் கண்டார் என்று அதில் எழுதி வருக. முடிவில் ‘இல்லை’ என்று எழுதாது, ‘இன்ன இடங்களில் இன்ன சொற்களால் இந்நாள்வரை தேடினேம், கிடைத்திலது’ என்று எழுதுக. பின்வருவோன் அதனைக் கண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். நாம் நினையாத ஒரு சொல்லை இட்டு நாம் காணாத ஒரு நூலைக் காண்பான்.

உயர்நிலை வகுப்புகளிலேயே ஆசிரியர்கள் இப்பழக்கத்தைத் தொடங்கி வைக்கலாம். ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்து, எழுதுமுன் அதன் முகங்களைப் பிரிக்கவும், ஒவ்வொரு முகத்திற்கும் மூன்று மாற்றுச் சொற்களைத் திரட்டவும் சொல்லுக. சொல்வளத்தைப் பெருக்கும் பயிற்சியாகவும் அது அமையும். நம் முன்னோர் எழுதி வைத்தவற்றை மீட்டெடுக்கப் போகின்றவர்கள் அம்மாணவர்களே.